எல்.எம்.பி. மருத்துவரின் ஒழிப்பும் இந்தியப் பொதுச் சுகாதாரப் பணியாளர் திட்டமிடலும்

தமிழகச் சிற்றூர்களின் முதியோர் பேச்சில் ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்னும் தொடர் நெடுங்காலம் வழங்கி வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல், மருத்துவப் பள்ளியில் ஏறத்தாழ நான்காண்டு பயின்று, தொழில் செய்யும் உரிமம் மட்டும் பெற்றவரை அது குறிக்கும். அவருக்குக் கீழே ‘கம்பவுண்டர்’, அவருக்கு முந்திய தலைமுறையில் ‘டிரஸ்ஸர்’, மகப்பேற்றுக்கு ‘மருத்துவச்சி’ என ஒரு வரிசை இருந்தது. இச்சொற்கள் இன்று வழக்கொழிந்து வருகின்றன. சொற்கள் மறைந்ததைக் காலத்தின் இயல்பு எனக் கொள்ளலாம். ஆனால் எல்.எம்.பி. என்னும் வகுப்பு தானே மறையவில்லை. ஒரு குழுவின் பெரும்பான்மை முடிவால் அது நிறுத்தப்பட்டது. அம்முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, அதன் பின் அவ்விடத்தை நிரப்ப யார் யார் எப்பெயர்களில் வந்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இந்திய நலவாழ்வுப் பணியாளர் திட்டமிடல் தொடக்கம் முதல் தலைகளை எண்ணியதேயன்றி, எண்ணப்பட்டவர் எங்கே தங்குவார் என்பதை எண்ணவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தாய்மொழி வகுப்பும் உடனிருப்பவரும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மருத்துவப் பணியாளர் தேவைப்பட்டது முதலில் படைக்காகவே. ஐரோப்பிய மருத்துவர் ஒருவர்க்குக் கைகொடுக்கப் பல உதவியாளர் வேண்டியிருந்தனர். 1822இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற சுதேச மருத்துவ நிறுவனம் இத்தேவைக்காக எழுந்தது. அங்கு இந்துஸ்தானி வாயிலாகப் பாடம் நடந்தது. 1835இல் பெண்டிங்க் பிரபு அதனை மூடினார். அதே ஆண்டில் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆங்கில வழி மருத்துவக் கல்வி தொடங்கிற்று. சென்னை மருத்துவப் பள்ளியில் 1835 பிப்ரவரியில் முதலில் சேர்ந்தோர் யூரேசியப் பயிற்சியாளர் பதின்மரும் இந்தியர் பதினொருவரும் ஆவர். பட்டதாரிகளை உருவாக்கும் நோக்கம் அப்பொழுது அங்கில்லை. துணைப்பணியாளரைப் பயிற்றவே பள்ளி ஏற்பட்டது. 1850இல்தான் அது கல்லூரி எனப் பெயர் பெற்றது.

கல்கத்தாவில் 1835இன் முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆங்கிலம் கற்றோர் தொகை போதாமையால் 1839இல் அதே கல்லூரிக்குள் இந்துஸ்தானி வகுப்பும், 1850களின் தொடக்கத்தில் வங்காள வகுப்பும் திறக்கப்பட்டன. மூடிய கதவைப் பக்கவாட்டில் மீண்டும் திறக்கும் இப்பழக்கம் பிற்காலத்திலும் பலமுறை நிகழக் காண்போம்.

பயிற்றுமொழிக்கும் பணியாற்றும் இடத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்ச் சான்று ஒன்று தெளிவாக்குகிறது. அச்சான்று பாக் நீரிணைக்கு அப்பாலுள்ளது. ஆயினும் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த முயற்சிகளுள் தலையாயது ஆகலின் இங்குக் கூறாதிருக்க இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மாணாக்கரைப் பயிற்றினார். பயிற்சி பெற்றோர் அரசுப் பணி தேடி வெளியூர்க்குச் செல்லவே, 1860களின் நடுவில் அவர் தமிழுக்கு மாறினார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர் என்பது அவர் கணிப்பு. ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் அக்கணிப்பின் விளைவுகள். தமிழ் அறிவியல் உரைநடை வரலாற்றில் இந்நூல்களைக் கலைச்சொல்லாக்கத்தின் பொருட்டே நாம் பெரிதும் போற்றி வந்துள்ளோம். அவை ஒரு பணியாளர் திட்டத்தின் கருவிகளாகவும் இருந்தன என்பதை அவ்வளவாகக் கருதவில்லை. கிறீன் பயிற்றியோர் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர். தொகையளவில் சிறிது, ஆனால் ‘பயிற்றப்பட்டவர் எங்கே தங்குவார்?’ என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாடத்தை வகுத்த முறை அரிது.

இரு படிநிலைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் இந்தியாவில் மருத்துவர் தெளிவான படிகளில் நிறுத்தப்பட்டனர். உச்சியில் இந்திய மருத்துவப் பணியினர். அடுத்துப் பட்டம் பெற்ற உதவி சர்ஜன்கள். அதற்கும் கீழே மருத்துவப் பள்ளிகளில் பயின்ற ஆஸ்பத்திரி அசிஸ்டெண்டுகள். இவர்களே பின்னர் சப்-அசிஸ்டெண்ட் சர்ஜன் எனப்பட்டனர். மாவட்டத்தின் உட்பகுதி மருந்தகங்களை நடத்தியோர் பெரும்பாலும் இக்கடைசி வகையினரே. காலரா, பெரியம்மை, பிளேக் காலங்களில் ஊர்தோறும் சென்றவரும் இவர்களே.

இவ்வமைப்பில் பயனும் இருந்தது, இழிவும் இருந்தது. ஒரே நோயாளியைப் பார்க்கும் இருவருள் ஒருவர் முழு மருத்துவர், மற்றவர் அரை மருத்துவர் என்னும் எண்ணம் சம்பளத்திலும் மதிப்பிலும் வெளிப்பட்டது. 1933ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் உரிமம் பெற்ற மருத்துவரை அகில இந்தியப் பதிவேட்டில் சேர்க்காது விட்டது. அவர்களுடைய சங்கம் சமநிலை கோரிப் பல்லாண்டு போராடியது. மேலும் 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கு அளித்திருந்த ஏற்பை விலக்கிக்கொண்டது. அதனால் ‘தரம்’ என்னும் சொல் கல்வி அளவோடு நில்லாது நாட்டின் தன்மானத்தோடும் பிணைந்துவிட்டது. பிற்கால ஒழிப்பு முடிவை வெறும் மேட்டிமைச் செருக்கு என்று தள்ளிவிடுவோர் இப்பின்னணியை மறந்துவிடுகின்றனர். உரிமம் பெற்றோரே தம் வகுப்பு ஒழிய வேண்டும் என்றனர். அவர் விழைந்தது தாம் உயர்த்தப்படுவதையே. தமக்குப் பின் அவ்விடத்தில் எவரும் இல்லாது போவதை அன்று.

சென்னை மாகாணம் இவ்வகையில் முந்திக்கொண்டது. 1930களிலேயே மருத்துவப் பள்ளிக் கல்வியைப் பட்டக் கல்வியாக உயர்த்தும் கொள்கை இங்கு உருப்பெற்றது. ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938இல் கல்லூரியாயிற்று. இக்கொள்கை வேலூரைத் தாக்கிய விதம் தனியே சொல்லத்தக்கது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென அங்குத் தொடங்கிய மிஷன் மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. பயிற்சியே அளித்து வந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்குப் பெண் மருத்துவர் விரைவில் வேண்டும் என்பதே அப்பள்ளியின் நோக்கம். பட்டக் கல்வி கட்டாயமானபோது அதற்குரிய பேராசிரியரும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் அங்கில்லை. மூடும் நிலையிலிருந்த பள்ளியைக் காக்க முதுமையில் அம்மையார் அமெரிக்கா சென்று நிதி திரட்ட நேர்ந்தது. 1942இல் பெண்களுக்கும் 1947இல் ஆண்களுக்கும் அங்கு எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கிற்று. புகழ்மிக்க கல்லூரி ஒன்று நாட்டுக்குக் கிடைத்தது உண்மை. நான்காண்டில் ஊர்ப்புறப் பெண் மருத்துவரை உருவாக்கும் பள்ளி ஒன்று இல்லாமற் போனதும் உண்மை.

இதே மாகாணம்தான் 1920களின் நடுவில் வேறொரு சோதனையையும் நடத்தியது. ஊரில் குடியேறித் தொழில் செய்ய இசையும் மருத்துவர்க்கு ஆண்டு மானியமும் மருந்தும் அளித்து, அவர் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் மானிய ஊரக மருத்துவத் திட்டம் அது. அரசு ஊழியராகவும் அல்லாமல் முற்றும் தனியாராகவும் அல்லாமல் நின்ற இவ்வேற்பாடு, மருத்துவரைத் தங்க வைப்பதையே தன் முதற்கேள்வியாகக் கொண்டது. நீதிக்கட்சி ஆட்சியை ஆராய்வோர் கல்வி, இட ஒதுக்கீடு ஆகியவற்றுக்குக் காட்டும் அக்கறையில் சிறிதளவேனும் இதற்குக் காட்டியிருக்கலாம்.

47,524 என்னும் எண்

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 அக்டோபரில், சர் ஜோசப் போரே தலைமையில் நலவாழ்வு ஆய்வு வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. 1946இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த அதன் அறிக்கையே விடுதலை பெற்ற இந்தியாவின் பொதுச் சுகாதாரத்துக்கு அடிப்படை வரைவாயிற்று. பணம் கொடுக்க இயலாமையால் எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்னும் அதன் கொள்கை இன்றும் வணங்கத்தக்கது.

இந்தியப் பணியாளரை முதன்முதலாக நாடளாவிய முறையில் எண்ணிக் காட்டியதும் இவ்வறிக்கையே. பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேர். அதாவது 6,300 மக்களுக்கு ஒருவர். செவிலியர் 43,000 பேர்க்கு ஒருவர். மகப்பேற்று உதவியாளர் 60,000 பேர்க்கு ஒருவர். சுகாதாரப் பார்வையாளர் 4,00,000 பேர்க்கு ஒருவர். தகுதி பெற்ற மருந்தாளுநர் நாடு முழுமைக்கும் 75 பேர் மட்டுமே. ஊரார் மருந்து வாங்கிய கம்பவுண்டர் இந்த 75க்குள் அடங்கார். 1971க்குள் எட்ட வேண்டிய இலக்காக 2,000 பேர்க்கு ஒரு மருத்துவர், 300 பேர்க்கு ஒரு செவிலியர் என வகுக்கப்பட்டது. செவிலியர்க்குரிய இவ்வளவு அன்றைய பிரிட்டனின் அளவே.

முதல் எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் நம் பொருள் விளங்கும். 47,524 பேருள் பட்டதாரிகள் 17,654 பேர்; உரிமம் பெற்றோர் 29,870 பேர். நூற்றுக்கு அறுபத்து மூவர் எல்.எம்.பி. வகையினர். மருத்துவர் தொகையை ஒரு தலைமுறைக்குள் பன்மடங்காக்க வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கை, அத்தொகையின் பெரும்பகுதியை உருவாக்கி வந்த வாயிலை அடைக்கவும் பரிந்துரைத்தது. நாட்டின் பொருள்வளம் குறைவாதலால் அதனை ஒரே வகை மருத்துவரை உருவாக்குவதில் செலுத்துவதே தக்கது என்பது பெரும்பான்மையோர் வாதம். அவ்வொரே வகைக்கு ‘அடிப்படை மருத்துவர்’ என்று பெயர் வைத்தனர். நோய் தடுக்கும் அறிவும் சமுதாய அறிவும் உடைய அவர் சமுதாய மருத்துவராக விளங்குவார், ஊர்க்கும் செல்வார் என எதிர்பார்த்தனர்.

உறுப்பினருள் சிறுபான்மையோர் இதனை ஏற்கவில்லை. குறுகிய காலப் பயிற்சியை உடனே நிறுத்தினால் குழு வகுத்த இலக்கையே எட்ட இயலாது. ஒரு குறிப்பிட்ட காலம் வரையிலேனும் அது தொடர வேண்டும் என்பது அவர்தம் மறுப்புக் குறிப்பின் சாரம். இக்குறிப்பு தோற்றது. தோற்ற குறிப்புகளை வரலாற்றாசிரியர் படிப்பது குறைவு. ஆனால் பின்வந்த குழுக்களின் அறிக்கைகளை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், விடை சொல்லப்படாத ஒரு வினாவுக்கு அவை மாறி மாறி மறுமொழி எழுதி வந்தமை புலனாகும்.

அறிக்கை ஒரு பக்கம் எல்.எம்.பி.யை விலக்கியது, மறுபக்கம் நாட்டு மருத்துவரையும் தன் திட்டத்துக்குள் கொள்ளவில்லை. சென்னை அரசு இருபதாண்டுக்கு முன்பே இதில் வேறு வழி சென்றிருந்தது. முகமது உஸ்மான் தலைமையில், சீனிவாசமூர்த்தியைச் செயலாளராகக் கொண்டு 1921இல் அமைந்த குழு சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவரிடம் சான்றுகளைத் திரட்டியது. அவற்றுள் தமிழில் எழுதப்பட்டனவும் உள. அதன் பயனாக 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, இந்திய மருத்துவத்தில் உரிமம் வழங்கியது. போரே அறிக்கையின் இக்குறையை நிரப்ப அமைந்த சோப்ரா குழு 1948இல் இரு முறைகளையும் இணைக்கப் பரிந்துரைத்தது. அதுவும் பெரிதும் ஏட்டளவில் நின்றது. ஆக, ஊரில் ஏற்கெனவே இருந்த இருவர் ஒரே காலத்தில் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர்.

திரும்பி வந்த பெயர்கள்

விடுதலைக்குப் பின் எல்.எம்.பி. பள்ளிகள் மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாயின. உரிமம் பெற்றோர் பட்டம் பெறச் சுருக்கப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்பச் சுகாதார நிலையங்கள் தோன்றின. போரே அறிக்கையின் குறுங்காலத் திட்டம் 40,000 மக்கள் கொண்ட நிலையத்துக்கு இரு மருத்துவர், நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர், நான்கு மகப்பேற்று உதவியாளர், பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் நால்வர் எனப் பட்டியலிட்டிருந்தது. வட்டாரத்துக்கு ஒன்றாக அமைந்த நிலையமோ அதனினும் மிகுந்த மக்கள் தொகையைத் தாங்க வேண்டியதாயிற்று.

1959இல் நிலைமையை மறு ஆய்வு செய்ய அமைந்த குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமை தாங்கினார். அவர் போரே குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். 1961இல் முடிந்த அவர் குழுவின் அறிக்கை புதிய நிலையங்களைப் பெருக்குவதினும் இருப்பவற்றைத் திருத்துவதை வலியுறுத்தியது. குறுகிய கால மருத்துவப் பயிற்சிக்குத் திரும்ப இசையவில்லை. கல்வித் தரத்தைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட அறிஞரிடம் வேறு முடிவை எதிர்பார்த்தலும் அரிது.

மேலே அடைத்த இடம் கீழே வேறு பெயர்களில் நிரம்பத் தொடங்கியது. 1950களில் துணைச் செவிலிய மகப்பேற்று உதவியாளர் வந்தார். 1973இல் கர்த்தார் சிங் குழு மலேரியா, பெரியம்மை, குடும்ப நலம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அலைந்தோரை ஒன்றாக்கிப் ‘பல்நோக்குப் பணியாளர்’ ஆக்கியது. தமிழகத்தில் நாம் அறிந்த கிராம சுகாதார செவிலியர் இம்மரபில் வந்தவர். 1975இல் ஸ்ரீவாஸ்தவ் குழு சமுதாயத்திலிருந்தே பகுதி நேரப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சோவியத் நாட்டின் ஃபெல்ட்ஷரும் சீனத்தின் வெறுங்கால் மருத்துவரும் அக்காலச் சிந்தனையில் நிழலாடினர். 1977 அக்டோபர் 2இல் ஆயிரம் பேர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் சமுதாய நலப் பணியாளர் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். அப்பணியாளர் பின்னர்த் ‘தன்னார்வலர்’ ஆனார்; அதன் பின் ‘கிராம நல வழிகாட்டி’ ஆனார். ஊதியத்தை உயர்த்தாமல் பெயரை உயர்த்துவது நம் நிருவாகம் நன்கு பயின்ற கலை. 2005இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளரும் மாத ஊதியம் பெறும் ஊழியராக அல்லாமல், செய்த வேலைக்கு ஊக்கத்தொகை பெறுபவராகவே அமர்த்தப்பட்டார். அவர்தம் தொகை நாடு முழுதும் பத்து இலட்சத்தை நெருங்கியது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்தது.

இப்பெயர்களுள் எதுவும் எல்.எம்.பி.யின் இடத்தை நிரப்பவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவர் நோயறிந்து மருந்தெழுதும் உரிமை உடையவர். இவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. அவ்விடத்தை உண்மையில் யார் நிரப்பினர் என்பதை 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அலோபதி மருத்துவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோருள் 57.3 விழுக்காட்டினர்க்கு மருத்துவக் கல்வித் தகுதி இல்லை. ஊர்ப்புறத்தில் தகுதி உடையோர் 18.8 விழுக்காட்டினரே. நான்காண்டு பயின்றவர் தரக்குறைவானவர் என விலக்கப்பட்ட இடத்தில் ஓராண்டும் பயிலாதவர் அமர்ந்துவிட்டார். இதனைப் போலி மருத்துவர் சிக்கல் என்று காவல்துறையிடம் விடுவது எளிது. ஆனால் அது திட்டமிடல் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

எண் இலக்கோ எட்டப்பட்டுவிட்டது. 2022 ஜூனில் பதிவு பெற்ற அலோபதி மருத்துவர் 13,08,009 பேர் என அரசு கூறிற்று. ஆயுஷ் மருத்துவரையும் சேர்த்து 834 பேர்க்கு ஒரு மருத்துவர் என்றும் கணக்கிட்டது. போரே கனவு கண்ட அளவைக் காட்டிலும் இது இருமடங்குக்கு மேல். அதே 2021-22இன் ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரம், ஊரகச் சமுதாய நல மையங்களில் சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை 79.5 விழுக்காடு என்றது. இரண்டும் ஒரே அரசின் எண்கள். ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

தமிழகம் இவ்விடைவெளியை ஓரளவு குறைத்த முறையில் இரு கூறுகள் உள. ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககத்தையும் தனிப் பணியணியையும் விடாது காத்தது. 1967இல் ஜங்கல்வாலா குழு ஒருங்கிணைந்த பணியமைப்பைப் பரிந்துரைத்த பின்னும், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வழிவந்த இம்மரபை அது கைவிடவில்லை. மற்றொன்று, அரசுப் பணியில் இருப்போர்க்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கியது. ஊரில் சில ஆண்டு பணியாற்றினால் மேற்படிப்பு வாய்க்கும் என்னும் நம்பிக்கை இளம் மருத்துவரை அங்கே நிறுத்தியது. இவ்வொதுக்கீடு தொடர்பான வழக்கில், அதனை அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இவ்விரண்டும் எண்ணிக்கையைப் பெருக்கும் ஏற்பாடுகள் அல்ல. தங்க வைக்கும் ஏற்பாடுகள்.

பிற மாநிலங்கள் சில 1946இல் மூடிய கதவையே மீண்டும் தட்டின. சத்தீஸ்கர் 2001இல் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறுத்தியது. அதில் தேறியோர் ஊரக மருத்துவ உதவியாளராக அமர்த்தப்பட்டனர். அஸ்ஸாம் 2004இல் தனிச் சட்டமே இயற்றி, ஜோர்ஹாட்டில் மூன்றாண்டு ஊரக மருத்துவப் பட்டயத்தை ஏற்படுத்தியது. இந்திய மருத்துவச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2014இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. உயர்கல்வித் தரத்தை வரையறுப்பது நடுவணரசின் அதிகாரம் என்னும் அடிப்படையில் 2023 ஜனவரி 24இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இதற்கிடையில் அந்நடுவணரசே 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவில், பதிவு பெற்ற மருத்துவர் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் ‘சமுதாய நலவாழ்வு வழங்குநர்’ என்போர்க்கு வரையறைக்குட்பட்ட உரிமம் வழங்க வழிவகுத்திருந்தது.

அஸ்ஸாமில் அப்பட்டயம் பெற்றோர் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்போடு தம் உரிமத்தை இழந்தனர். மறு ஆண்டே மாநில அரசு வேறொரு சட்டம் இயற்றி, அவர்களைச் சமுதாய நலவாழ்வுப் பணியினராகப் பதிவு செய்தது. முதற் சட்டத்தை நீக்கிய அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.